மாறுவேடமும் வாய்மையும்

நாட்டின் நிலையை உள்ளவாறு அறிதற்கு அரசனுக்கு ஒற்றர் இன்றியமையாதவர் என்பது பண்டைத் தமிழர் கொள்கை. திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஒற்றரின் இயல்பையும் அவரை ஆளும் முறையையும் பத்துக் குறள்களால் விளக்கியுள்ளார். துறந்தார் கோலம் பூண்டு, புகுதற்கரிய இடங்களிலும் புகுந்து ஆராய்தலும், எத்துணைத் துன்புறுத்தப்படினும் தம்மை வெளிப்படுத்தாமையும் ஒற்றர்க்குரிய இலக்கணங்களாக அங்கே கூறப்படுகின்றன. அவ்வதிகாரத்திலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்பதே அது.

முடியாட்சியில் அரசனுக்கு இருந்த இத்தேவை, குடியாட்சியில் மக்களுக்கு உண்டு. மக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் வைத்தியசாலைகளிலும் சிறைச்சாலைகளிலும் அலுவலகங்களிலும், மூடிய கதவுகளுக்கு அப்பால் யாது நிகழ்கின்றது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வுரிமையை அவர்கள் சார்பில் செலுத்துவது பத்திரிகை. ஆயினும் ஒற்றனுக்கும் நிருபருக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உளது. ஒற்றன் தான் கண்டதை அரசன் செவியில் மாத்திரம் ஓதுகின்றான். நிருபரோ தாம் கண்டதை உலகறியக் கூறுகின்றார். ஒற்றன் ஏமாற்றுவது பெரும்பாலும் பகைவரை. நிருபர் ஏமாற்ற நேர்வது தம்மையொத்த குடிமக்களை. உண்மை உரைத்தலையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பொய்ப் பெயர் பூண்டு அத்தொழிலைத் தொடங்குதல் தகுமோ என்னும் வினா இங்கே எழுகின்றது.

இவ்வினாவுக்கும் வள்ளுவரிடத்தில் விடை காணலாம். குற்றம் நீங்கிய நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மைக்குரிய இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் கூறுகின்றார். இக்கூற்றில் உள்ள அனுமதியைப் பலரும் நினைவிற் கொள்வர். அவ்வனுமதிக்கு இடப்பட்ட நிபந்தனையைச் சிலரே நினைவிற் கொள்வர். நன்மை விளைந்தால் மட்டும் போதாது. அந்நன்மை குற்றமற்றதாகவும் இருத்தல் வேண்டும். மாறுவேடம் பூண்டு செய்தி திரட்டும் முறையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குவார்க்கு, அது இந்நிபந்தனைக்கு எழுதப்பட்டதோர் உரையாகவே தோன்றும்.

நிருபர் செய்தி திரட்டும் பொதுவழிகள் யாவரும் அறிந்தவை. நேரிற் சென்று காணுதல், உரியவரை வினாவுதல், பதிவேடுகளையும் கணக்குகளையும் ஆராய்தல் என்பன அவை. பெரும்பாலான உண்மைகள் இவ்வழிகளாலேயே வெளிப்படும். ஆனால், நிருபர் வருகின்றார் என்று அறிந்தவுடன் மாறிவிடும் இடங்களும் உள. பரிசோதகர் வரும் நாளில் பள்ளிக்கூடம் எவ்வாறு துப்புரவாகக் காட்சி தருமோ, அவ்வாறே அவ்விடங்களும் பார்வையாளர் முன் நல்லுருவம் கொள்கின்றன. அங்கே துன்புறுவோர் எழுத்தறியாதவராயும், வாய்திறக்க அஞ்சுவோராயும், திறப்பினும் பிறரால் நம்பப்படாதவராயும் இருத்தல் கூடும். அத்தகைய இடத்தின் உண்மை நிலையை அறிய விரும்பும் நிருபர், அங்கே துன்புறுவோரில் ஒருவராகவே ஆகவேண்டியவராகின்றார்.

இம்முறைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் ஆங்கில நாட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் கிறீன்வூட். இலண்டன் மாநகரில் வீடற்ற வறியோர் ஓரிரவு தங்குதற்கு வறியோர் இல்லங்களிலே தனிக்கூடங்கள் அமைந்திருந்தன. அவற்றின் நிலை குறித்து உத்தியோகபூர்வ அறிக்கைகள் பல வெளிவந்தும் மக்கள் மனம் அசையவில்லை. 1866ஆம் ஆண்டு தை மாதத்தில், கந்தல் உடை அணிந்து, இலாம்பெத் வறியோர் இல்லத்தில் ஓரிரவைக் கழித்தார் கிறீன்வூட். பலர் முழுகி அழுக்கேறிய தொட்டி நீரையும், குளிர்காற்றுப் புகும் கொட்டகையையும், வைக்கோல் திணித்த படுக்கைகளையும், அவற்றில் நெருங்கிக் கிடந்த மாந்தரையும் அவர் வர்ணித்து எழுதிய கட்டுரைகள் 'பெல் மெல் கசற்' என்னும் பத்திரிகையில் வெளிவந்தன. அறிக்கைகளால் எழாத கிளர்ச்சி அவற்றால் எழுந்தது. காரணம் எளிது. அறிக்கை எண்ணிக்கையைக் கூறிற்று. கிறீன்வூட் குளிரைக் கூறினார்.

எனினும், இத்துறையின் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவிலே தோன்றியது. எலிசபெத் கொக்ரன் என்னும் இளம் பெண் நெலி பிளை என்னும் புனைபெயரில் எழுதிவந்தார். 1887ஆம் ஆண்டில், தமது இருபத்துமூன்றாம் வயதில், ஜோசப் புலிற்சர் நடத்திய 'நியூ யோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் அவர் சேர்ந்தார். நியூ யோர்க் நகரை அடுத்த பிளாக்வெல் தீவில் பெண்களுக்கான மனநோய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. அங்கே நோயாளர் கொடுமைப்படுத்தப்படுகின்றனர் என்னும் பேச்சு உலவியது. நோயாளியாகவே உட்புகுந்து உண்மையைக் கண்டறியும் பணி நெலி பிளையிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளே சென்றபின் வெளியே மீட்பது எவ்வாறு என அவர் வினாவியபோது, பத்திரிகை அலுவலகத்தாரிடம் திட்டவட்டமான விடை இருக்கவில்லை. எவ்வாறேனும் மீட்போம் என்னும் உறுதிமொழி மாத்திரமே கிடைத்தது.

அவர் மேற்கொண்ட முறைகள் நுணுகி நோக்கத்தக்கவை. நெலி பிறவுண் என்னும் பெயரை அவர் தெரிந்துகொண்டார். தமது துணிகளிற் பொறித்திருந்த முதலெழுத்துக்களோடு அப்பெயர் பொருந்தியமையே காரணம். பின்னர், வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிற் சேர்ந்து, இரவு முழுவதும் உறங்காது விழித்திருந்து, பிறரைக் கண்டு அஞ்சுவார் போல நடந்துகொண்டார். விடுதித் தலைவி பொலிசாரை அழைத்தார். நீதவான் அவர்மீது இரக்கம் காட்டி, பெல்வியூ வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே வைத்தியர்கள் அவருக்குச் சித்தம் பேதலித்துவிட்டது எனத் தீர்மானித்தனர். அதன்பின் தீவுக்குச் செல்லும் படகில் அவர் ஏற்றப்பட்டார்.

தீவை அடைந்தவுடன் அவர் செய்த செயலே இவ்வரலாற்றின் உயிர்நாடி எனலாம். பைத்தியக்காரி போல நடிப்பதை அவர் அறவே விட்டுவிட்டார். இயல்பாகப் பேசினார், இயல்பாக நடந்தார். அவ்வாறு நடக்க நடக்க, வைத்தியரும் தாதியரும் அவரை மேலும் பைத்தியமாகவே கருதினர். தமது குறிப்பேட்டையும் பென்சிலையும் கேட்டபோது, பென்சில் கொண்டுவரப்படவே இல்லை என்று மறுக்கப்பட்டது. வற்புறுத்தியபோது, கற்பனைகளுக்கு இடங்கொடாதிருக்குமாறு அறிவுரை கூறப்பட்டது. எனவே, கண்டவற்றை நினைவிலேயே சேமித்து வைக்கும் நிலை அவருக்கு நேர்ந்தது.

பத்து நாட்கள் அவர் அங்கே இருந்தார். உறையும் குளிரில் பனிக்கட்டி போன்ற நீரைத் தலையிற் கொட்டிக் குளிப்பாட்டினர். ஒருத்தி குளித்த நீரிலேயே அடுத்தவளும் குளிக்க நேர்ந்தது. உண்ணத்தகாத உணவு அளிக்கப்பட்டது. காலை ஆறு மணி தொடக்கம் இரவு எட்டு மணி வரையில், பேசவும் அசையவும் வாசிக்கவும் அனுமதியின்றி, வாங்குகளிலே நோயாளர் நிமிர்ந்து அமர்ந்திருந்தனர். அறைகள் தனித்தனியே பூட்டப்பட்டிருந்தமையால், தீவிபத்து நேரின் அனைவரும் உயிர் தப்புதல் அரிது என்பதையும் அவர் கண்டார். ஜேர்மன் மொழி மட்டுமே அறிந்த ஒரு பெண், தாம் கூறுவதை எவரும் விளங்கிக்கொள்ளாத நிலையிலேயே பைத்தியமென அடைக்கப்பட்டிருந்தார். நல்ல உடல்நலமும் தெளிந்த அறிவும் உடைய பெண்ணையும் இவ்வாழ்க்கை இரண்டு மாதங்களிற் பைத்தியமாக்கிவிடும் என்பது அவர் கண்ட முடிபு.

பத்திரிகை அனுப்பிய வழக்கறிஞர் அவரை மீட்டபின், 1887ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. பின்னர் நூலாகவும் அமைந்தன. குற்றச்சாட்டுக்களை விசாரிக்கும் யூரர் குழுவின் முன் அவர் சத்தியஞ் செய்து சாட்சியமளித்தார். யூரர்கள் அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குச் சென்றபோது, சமையலறை துப்புரவாக இருந்தது. நல்ல ரொட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் குறிப்பிட்ட நோயாளர் சிலர் அங்கே காணப்படவில்லை. செய்தி முன்னரே எட்டியிருந்தது. ஆயினும் யூரர்கள் அவர் கூற்றை ஏற்று, அவர் வேண்டிய சீர்திருத்தங்களை விதந்துரைத்தனர். மனநோயாளரின் பராமரிப்புக்கு நியூ யோர்க் நகரம் முன்னெப்போதையும்விட ஆண்டுக்குப் பத்து லட்சம் டொலர் அதிகமாக ஒதுக்கியது என்று நெலி பிளை தமது நூலின் முகப்பில் எழுதினார்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அங்கே பொய் ஒரு திறவுகோலாக மாத்திரமே பயன்பட்டது. கதவு திறந்தபின் அது வீசப்பட்டது. இரண்டாவது, அவர் ஏற்ற வேடத்தின் துன்பம் அவரையே சார்ந்தது. குளிர்நீர் அவர் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது, தாம் எழுதியதைச் சத்தியத்தின் கீழும் கூறி, பிறர் ஆராய்தற்கு அவர் இடங்கொடுத்தார். துப்புரவாக்கப்பட்ட அந்தச் சமையலறையே, மாறுவேடமின்றிச் சென்றிருப்பின் அவர் எதனைக் கண்டிருப்பார் என்பதற்குச் சான்றாயிற்று.

இவற்றுள் இரண்டாவதாகக் கூறியது தவறும்போது யாது நிகழும் என்பதை, இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் இலண்டனில் நடந்த நிகழ்ச்சி காட்டும். 'பெல் மெல் கசற்' பத்திராதிபராக விளங்கிய வில்லியம் தோமஸ் ஸ்ரெட், இளஞ் சிறுமியர் விலைக்கு வாங்கப்பட்டுத் தீய வாழ்க்கையில் தள்ளப்படுகின்றனர் என்பதை மெய்ப்பிக்க விரும்பினார். அதன்பொருட்டு, இடைத்தரகர் வாயிலாக ஐந்து பவுண் விலை பேசிப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாமே பெற்றார். சிறுமிக்கு அவர் தீங்கு நினைத்தவரல்லர். 1885ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் எழுதிய கட்டுரைகளால் நாடே கொந்தளித்தது. பெண்களின் சம்மத வயதைப் பதின்மூன்றிலிருந்து பதினாறாக உயர்த்தும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. பல்லாயிரஞ் சிறுமியர்க்கு அரணாக அமைந்த சட்டம் அது.

ஆயினும், சிறுமியின் தந்தையிடம் அனுமதி பெறாது அவளைக் கொண்டுசென்ற குற்றத்துக்காக ஸ்ரெட் மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சட்டத்தின் நுட்பத்தால் விளைந்த தண்டனை இது என அவர் அன்பர்கள் கூறினர். அது முற்றிலும் சரியன்று. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, அறியாத வீடுகளுக்கு நள்ளிரவில் அழைத்துச் செல்லப்பட்டு, மயக்க மருந்துக்கும் உட்படுத்தப்பட்ட அச்சிறுமி அடைந்த அச்சம் நடிப்பன்று. வேடம் பூண்டவர் ஸ்ரெட். விலை கொடுத்தவளோ ஏதுமறியாத அச்சிறுமி. விளைந்த நன்மை பெரிது. அது குற்றம் நீங்கியதன்று.

இதனையொத்த நிகழ்ச்சி இந்தியாவிலும் உண்டு. 1981ஆம் ஆண்டில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நிருபர் அசுவினி சரீன், பெண்கள் விற்கப்படுவதை மெய்ப்பிக்கும்பொருட்டு, 2,300 ரூபா கொடுத்து ஒரு பெண்ணை வாங்கி அச்செய்தியை வெளியிட்டார். செய்தி நாட்டை உலுக்கியது. மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர் அந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு 'கமலா' என்னும் நாடகத்தை இயற்றினார். விலைக்கு வாங்கிய பெண்ணைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் நிறுத்தும் நிருபர், அவளுடைய வாழ்வைப்பற்றி யாது எண்ணினார் என்பதே அந்நாடகம் எழுப்பும் வினா. ஒரு மனிதரைச் சான்றுப் பொருளாக்குவோர், சான்று காட்டி முடிந்தபின் அவர் எங்கே செல்வார் என்பதை முன்னரே எண்ணுதல் கடன்.

அடுத்து, நிகழ்வதைக் காண்பதற்கும் நிகழச் செய்வதற்கும் இடையேயுள்ள எல்லை ஆராயத்தக்கது. 1977ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் 'சன் ரைம்ஸ்' பத்திரிகையார், நல்லாட்சிக்காக உழைக்கும் சங்கம் ஒன்றனோடு கூடித் தவறணை ஒன்றை விலைக்கு வாங்கினர். அதற்குக் கானல்நீர் எனப் பொருள்படும் 'மிராஜ்' என்னும் பெயரை இட்டனர். நிருபர்கள் பணியாளராக நின்று மது பரிமாறினர். புகைப்படக்காரர் மறைவிடத்தில் இருந்து படம் பிடித்தனர். கட்டடத்தின் குறைகளைக் கண்டும், சிறுதொகை பெற்றுக் காணாதார் போலச் சென்ற நகரப் பரிசோதகர்களின் செயல்கள், 1978ஆம் ஆண்டு இருபத்தைந்து கட்டுரைகளாக வெளிவந்தன. பலருக்கு எதிராக நடவடிக்கைகள் தொடர்ந்தன.

1979ஆம் ஆண்டில் இக்கட்டுரைகள் புலிற்சர் பரிசுக்கு முன்மொழியப்பட்டன. பரிசுச் சபையிலோ கருத்து வேறுபாடு எழுந்தது. பிறரின் வஞ்சகத்தைக் கண்டிக்கும் பத்திரிகை தானே வஞ்சித்துச் செய்தி பெறலாகாது என்று 'வாஷிங்டன் போஸ்ற்' பத்திராதிபர் பென் பிராட்லி முதலியோர் வாதிட்டனர். பரிசு மறுக்கப்பட்டது. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் நெலி பிளையைப் பைத்தியக்காரி வேடத்தில் தீவுக்கு அனுப்பிய பத்திரிகையின் அதிபரே அப்பரிசை நிறுவியவர் என்பது எண்ணத்தக்கது. எதிர்த்தவர் கூற்றிலும் பொருள் உண்டு. தவறணையை நிருபரே நடத்தியமையால், குற்றத்துக்குரிய களத்தை அவரே அமைத்தவராவர். ஆனால், களத்தை அமைத்தமை வேறு. நேர்மையான ஒருவரைத் தூண்டிக் குற்றவாளியாக்குதல் வேறு. பலநாட் பழக்கத்தால் தானாக நீளும் கையைப் படம் பிடித்தலும், மறுப்பவர் கையிற் பணத்தைத் திணித்துப் படம் பிடித்தலும் ஒன்றாகா.

நீதிமன்றங்களும் இச்சிக்கலை ஆராய்ந்துள்ளன. 1992ஆம் ஆண்டில் அமெரிக்க ஏ.பி.சி. தொலைக்காட்சியின் பணியாளர் இருவர், பொய்யான விண்ணப்பங்களைக் கொடுத்து 'பூட் லயன்' என்னும் பலசரக்குக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து, பழுதடைந்த இறைச்சி விற்கப்படுவதாக மறைகமராவாற் படம் பிடித்தனர். கடைக்காரர் அவதூறு வழக்குத் தொடரவில்லை; ஏமாற்றிப் புகுந்தமைக்கும், சம்பளம் பெறும் ஊழியர் முதலாளிக்குச் செலுத்தவேண்டிய விசுவாசத்தை மீறியமைக்குமே வழக்குத் தொடுத்தனர். யூரர்கள் விதித்த ஐம்பத்தைந்து லட்சம் டொலர் தண்டத்தை நீதிபதி 315,000 டொலராகக் குறைத்தார். 1999ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் நீக்கிவிட, எஞ்சியது இரண்டு டொலர் மாத்திரமே. தொகை சிறிதாயினும், செய்தி திரட்டுவோர் என்னும் காரணத்தாற் பொதுச் சட்டத்திலிருந்து எவரும் விலக்குப் பெறார் என்னும் கோட்பாடு அதில் நிலைபெற்றது.

ஜேர்மனியில் குந்தர் வல்ராவ் என்பவர் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றார். 1977ஆம் ஆண்டில் வேறு பெயரில் 'பில்ட்' பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்து, அங்கே செய்திகள் புனையப்படும் விதத்தை அவர் வெளிப்படுத்தினார். பின்னர், அலி என்னும் துருக்கித் தொழிலாளியாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்து, பாதுகாப்புக் கருவிகளின்றி உருக்குத் தொழிற்சாலையிலும் பிற இடங்களிலும் உழைத்து, 1985ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இலட்சக்கணக்கில் விற்பனையானது. 'பில்ட்' பத்திரிகை குறித்த வழக்கில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு அளித்த தீர்ப்புப் பயனுள்ளது. ஏமாற்றிப் பெற்ற செய்தியை ஏமாற்றப்பட்டவருக்கு எதிராக வெளியிடுதல் பொதுவாகத் தகாது. பொதுமக்கள் அதனை அறிதலால் வரும் பயன், சட்டமீறலால் வரும் கேட்டைத் தெளிவாக விஞ்சும்போதே அது தகும் என்பது அதன் சாரம். இங்கும் அனுமதியோடு நிபந்தனை உடன் நிற்கின்றது.

அந்நிபந்தனையை முற்றாகக் கைவிட்டால் நேரும் கேட்டுக்கு 2007ஆம் ஆண்டு தில்லியில் நிகழ்ந்தது போதிய சான்று. பெண்கள் பாடசாலை ஒன்றின் கணித ஆசிரியை, மாணவியரைத் தீய தொழிலில் ஈடுபடுத்துகின்றார் என மறைகமராப் படம் ஒன்றைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஒளிபரப்பியது. கொதித்தெழுந்த கூட்டம் பாடசாலையைச் சூழ்ந்து அவரைத் தாக்கி, அவர் உடையைக் கிழித்தது. அவர் கைதுசெய்யப்பட்டார், வேலையும் பறிபோயிற்று. பின்னர் நடந்த பொலிஸ் விசாரணையில், அந்தப் படம் புனையப்பட்டது என்பதும், அதில் மாணவியாகத் தோன்றியவர் பத்திரிகைத் துறையில் நுழைய விரும்பிய ஓர் இளம்பெண் என்பதும் வெளிப்பட்டன. நிருபர் கைதானார், தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு ஒரு மாத காலம் தடைசெய்யப்பட்டது. ஒளிபரப்புவதற்கு முன் அப்பாடசாலை மாணவியர் சிலரையேனும், ஆசிரியையையேனும் வினாவியிருப்பின் பொய் அன்றே வெளிப்பட்டிருக்கும். ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனாற் சரிபார்க்க என்னும் வள்ளுவர் எச்சரிக்கையின் பெருமை இங்கே விளங்கும்.

மேற்கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்கின், மாறுவேடம் பூணக் கருதும் நிருபர் தம்மைத் தாமே வினாவவேண்டிய வினாக்கள் சில தெளிவாகும். தேடும் உண்மை பொதுமக்களின் நலத்தோடு தொடர்புடையதா, அன்றித் தனியொருவரின் அந்தரங்கத்தைத் துருவுவது மாத்திரமா? பதிவேடுகளாலும் வெளிப்படையான விசாரணையாலும் அதனை அறியும் வழி உண்மையாகவே அடைபட்டுவிட்டதா? பொய் வாயிலோடு நின்றுவிடுமா, உள்ளேயும் தொடருமா? கண்டதை எழுதுகின்றோமா, காணவிரும்பியதை நிகழ்விக்கின்றோமா? இதனால் வருந்துவோர் நாமா, ஏதுமறியாத பிறரா? பத்திராதிபர் இதனை அறிந்து பொறுப்பேற்றுள்ளாரா? வேடம் கலைந்தபின், கையாண்ட முறை முழுவதையும் வாசகருக்குக் கூசாது கூறமுடியுமா?

இவற்றுள் இறுதி வினாவே ஏனையவற்றை அளக்கும் கோல் எனலாம். கிறீன்வூட், நெலி பிளை, வல்ராவ் ஆகியோர் தாம் கண்டதை மாத்திரமன்றித் தாம் ஏமாற்றிய விதத்தையும் ஒளியாது எழுதினர். அதனால் வாசகர் அவர்களை மதிப்பிட இயன்றது. தில்லிப் படத்தைப் புனைந்தவர் தம் முறையைக் கூறியிருப்பின் செய்தியே இல்லாதொழிந்திருக்கும். வாயிற்காவலனிடம் பொய்ப் பெயர் கூறும் நிருபர், அப்பொய்க்கும் சேர்த்தே வாசகரிடம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்.

இன்று நிருபர் தொழிற்கு உரியவர் நிருபர் மாத்திரமல்லர். கைத்தொலைபேசி உடைய ஒவ்வொருவரும் பிறர் அறியாது அவர் பேச்சைப் பதியவும், படம் பிடிக்கவும், நொடிப்பொழுதில் உலகெங்கும் பரப்பவும் வல்லவராயுள்ளனர். பத்திராதிபர் என்னும் காவல் அங்கே இல்லை. இரண்டாம் ஒற்றன் இல்லை. மூவர் சொல்லை ஒப்புநோக்கும் பொறுமையும் பெரும்பாலும் இல்லை. ஆகலின் இவ்வாராய்ச்சி பத்திரிகை அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. கற்றவர் அனைவர்க்கும் உரியது. நன்மை விளையும் என்று எண்ணிப் பொய்யைக் கையிலெடுப்போர், அந்நன்மை குற்றம் நீங்கியதா என்னும் வினாவையும் உடன் எடுத்துச் செல்வாராக.